மரியாதைப் பன்மை

காலை பதினொரு மணிக்குள் சேதுராக்கு நூற்றுப் பன்னிரண்டு சமையலறைகளைக் கேட்டு முடித்திருந்தாள். இன்னும் அறுபது பாக்கி. அதையும் ஒப்பேற்றிவிட்டால் சாப்பிடப் போகலாம்.

அவள் வேலையே அதுதான். வடவிளிம்பில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த மாமியார் எந்த மருமகளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்தக் குழந்தைக்கு எத்தனை நாளாக இருமல் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருவர் முகமும் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

செவ்வாயில் வெளியே மூச்சுவிடக் காற்று கிடையாது என்பதால் ஒவ்வொரு வீட்டுச் சமையலறைச் சுவரிலும் ஒரு துருத்தி பொருத்தியிருப்பார்கள். கெட்ட காற்றை இழுத்து நல்ல காற்றை ஊதுகிற பெட்டி. வடவிளிம்பின் துருத்திகளுக்குள் மட்டும் கூட்டமைப்பு அரசு ஒரு காதையும் வைத்திருந்தது. அரசாணையில் அதற்கு நீளமான பெயர் உண்டு. எல்லோரும் சொல்வது ஒட்டுச்செவி. அது அங்கே இருப்பது விளிம்பு மக்களுக்கும் தெரியும். காதைக் கழற்றினால் காற்றும் நின்றுபோகும் என்பதால் யாரும் கழற்றவில்லை. நாளடைவில் பழகிப்போனார்கள். பிள்ளைகள் பல் துலக்கிக்கொண்டே அதற்கு வணக்கம் சொல்லும். உப்பு வந்து சேராவிட்டால் பெண்கள் அதனிடமே புகார் சொல்வார்கள். சில வாரங்களில் உப்பு வந்தும் சேரும்.

விளிம்பில் பனி இருந்தது. தெற்கே நடுநகரில் காற்றாலைகளும் அரசும் இருந்தன. பனியை வெட்டி உருக்கிக் குழாயில் அனுப்புவதற்காக, நூறாண்டுக்கு முன்னால் பூமியில் தண்ணீருக்குத் தவித்த இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தண்ணீர் நம்முடையது, அதிகாரம் மட்டும் ஏன் தெற்கே இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. எல்லைக்கு அப்பால் குடியேறியிருந்த வேற்று நாட்டார், ஆமாம், ஏன் இருக்கிறது என்று தாங்களும் கேட்டு ஆயுதம் கொடுத்தார்கள். விளிம்பு அணி பிறந்தது. அதை அடக்கப் படை போனது. பதினெட்டு ஆண்டுகளாகக் குழாய் வெடிப்பதும் குடியிருப்பு இடிவதும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தன.

ஒட்டுச்செவிக்குப் பின்னாலிருந்த பொறி கெட்டிக்காரப் பொறி. குரலை வைத்து வயதைச் சொல்லும், பொய்யைச் சொல்லும், பேசுகிறவர் காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்லும். ஒரே ஒரு சொல்லில்தான் அது திணறியது. அந்தச் சொல் 'அவுக'.

விளிம்புப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பூமியிலேயே பாதி மறந்துபோன வழக்கத்தை இவர்கள் கோடிக்கணக்கான மைல் தாண்டிக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்தார்கள். கணவன் 'அவுக'. 'அவுக வந்திருக்காக' என்றால் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். அணியிலிருந்து நாலைந்து பேர் துப்பாக்கியோடு வந்து சோறு கேட்டாலும் 'அவுக வந்திருக்காக'தான். ஒரே ஆளுக்குக் காட்டும் மரியாதையும் ஒரு கூட்டமும் தமிழில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். எது எது என்று பிரிப்பதற்காகவே நடுநகரில் மொழிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, சேதுராக்கைப் போன்ற பதினாறு பேரை உட்கார வைத்திருந்தார்கள்.

அவர்கள் முன்னால் மூன்று பொத்தான்கள். ஒருமை, பன்மை, மரியாதை. பொறி தன் கணிப்பைச் சொல்லும். ஆனால் முடிவு செய்யாது. மனிதரைக் கொல்லும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும் என்று நல்லவர்கள் பலர் போராடி வாங்கிய சட்டம் அது. சந்தேகப் பட்டியலில் இருக்கும் இடத்துக்குப் பன்மை என்று அழுத்தினால் தும்பி கிளம்பும். உள்ளங்கை அகலத்தில் பறக்கிற வெடிகுண்டுக்கு அத்தனை அழகான பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. மரியாதை என்று அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நாற்பது நொடிக்குள் ஏதாவது ஒன்றை அழுத்தியாக வேண்டும்.

சேதுராக்கு விளிம்பில் பிறந்தவள். பத்து வயதில் படிப்புக்காக நடுநகர் வந்தவள், பேச்சை மாற்றிக்கொண்டாள், பெயரிலிருந்து ராக்கையும் கழற்றிவிட்டாள். அலுவலகத்தில் அவள் சேது. கழற்றியதை வைத்துத்தான் அவளுக்கு அந்த வேலையே கிடைத்தது என்பது வேறு விஷயம்.

நூற்றுப் பதிமூன்றாவது சமையலறை ஏழாம் குழாய்க் குடியிருப்பில் இருந்தது. ஒரு பெண் தன் அக்காளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கருவாட்டுத் தூள் தீர்ந்ததைப் பற்றிக் கொஞ்ச நேரம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவுக வந்திருக்காகக்கா. பதினோரு நாளாச்சு. சாப்பிட்டுட்டு, கதகதப்பா இருக்கும்னு பம்பு ரூமுல போயிப் படுத்துக்கிருவாக. பொழுது சாயக் கெளம்பிருவாக."

ஏழாம் குழாயின் பம்பு அறை பட்டியலில் இருந்தது. பொறி உடனே கேள்வியை எழுப்பியது. தன் கணிப்பையும் போட்டது: மரியாதை, நூற்றுக்கு எண்பத்தொன்று.

பொறி சொல்லாத ஒன்று சேதுராக்கின் காதில் விழுந்தது. 'அவுக' என்ற சொல்லுக்கு முன்னால் அந்தப் பெண் லேசாகச் சிரித்திருந்தாள். பதினோரு நாள் கழித்து வீடு திரும்பிய புருஷனைப் பற்றி அக்காளிடம் சொல்லும்போது வருகிற சிரிப்பு. துப்பாக்கியோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரைப் பற்றி ஒருத்தியும் அப்படிச் சிரிக்க மாட்டாள். இது ஒரு ஆள்தான் என்று சேதுராக்குக்குத் தெரிந்துவிட்டது. பின்னாளில் எத்தனை விதமாகத் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தபோதும், தெரியவில்லை என்று மட்டும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு 'அவுக'வுக்கு அவள் மரியாதை என்று அழுத்தியிருந்தாள். வந்திருந்தது உண்மையிலேயே அணிக்காரர்கள். மறுநாள் மூன்றாம் நீரேற்று நிலையத்தை வெடித்தார்கள். இரண்டு சிப்பாய்கள் செத்தார்கள். விசாரணை நடந்தது. அவள் கோப்பில் யாரோ சிவப்பு மையில் 'விளிம்பில் பிறந்தவர்' என்று ஒரு வரி எழுதினார்கள். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து பொத்தான்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சிவப்பு மைதான்.

எட்டு நொடி மீதமிருந்தபோது பன்மை என்று அழுத்தினாள். அடுத்த சமையலறைக்குப் போனாள். அறுபதையும் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அன்றைக்குச் சேப்பங்கிழங்கு வறுவல். நன்றாக இருந்தது, இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டாள்.

விளிம்பு அணி ஐவர் ஐவராகத்தான் இயங்கும் என்பது படைத்துறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே பன்மை என்றால் ஐந்து. பம்பு அறை இருந்த இடத்தில், எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லும்படியாக ஒன்றும் மிஞ்சவில்லை. மாலைச் செய்தியில் ஐந்து தீவிரவாதிகள் கொல்லப்பட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் மன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து கைதட்டினார்கள். மொழிப் பிரிவுக்கு ஒரு பாராட்டுத் தாள் வந்தது. இயக்குநர் தணிகாசலம் அதைச் சுவரில் மாட்டி வைத்தார்.

அதற்கடுத்த வாரம் அந்தச் சமையலறை மறுபடியும் சேதுராக்கின் பங்கில் வந்தது. இப்போது உள்ளே சிப்பாய்கள் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரன் இருளாண்டி, அரசாங்கக் குழாய்களைப் பழுது பார்க்கிறவன். ஒன்பதாம் குழாயில் வேலைக்குப் போனவன் ஒரு வாரமாக ஆள் இல்லை. அணியில் சேர்ந்து தலைமறைவாகிவிட்டான் என்று எழுதிவிட்டார்கள். உன் புருஷன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்டார்கள். அந்தப் பெண் வெள்ளத்தாயி, பம்பு ரூமுக்குப் போனவுக திரும்பலையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பம்பு அறையில் செத்தது ஐந்து தீவிரவாதிகள், உன் புருஷன் அதில் எப்படி வருவான் என்று அதட்டினார்கள். அடுப்பில் இருந்த பானையைத் திறந்து பார்த்துவிட்டு, ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு சோறு என்றார்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார்கள். தலைமறைவானவனின் மனைவி குடியிருப்பை விட்டு வெளியே போகக்கூடாது. அக்காள் வீடு ஐந்து மைலில் இருந்தது, அதற்கும் போக முடியாது. செத்தவனுக்காக அழவும் முடியாது. அழுதால், உயிரோடு இருப்பவனுக்கு எதற்கு இந்த நாடகம் என்று கேட்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை, அவர்கள் போன பிறகு, வெள்ளத்தாயி துருத்திக்குக் கிட்டே வந்து நின்று பேசினாள். அவளுடைய மூச்சு சேதுராக்கின் காதுக்குள் கேட்டது.

"ஏ செவி, நீதான எந்நேரமும் கேட்டுக்கிட்டு இருக்க. அவுக எங்கன்னு நீயாச்சும் சொல்லேன்."

பொறி கேள்வியை எழுப்பியது. 'அவுக': ஒருமையா, பன்மையா, மரியாதையா? சேதுராக்கு மரியாதை என்று அழுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மாலையே தணிகாசலத்தின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர். விசாரணையின்போது அவளுக்காகப் பேசியவர். அவர் தேநீர் வரவழைத்தார். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பதிவை ஒருவர் என்று திருத்த வேண்டும், இருளாண்டி இறந்துவிட்டான் என்று ஒரு மறைவுச் சான்று கொடுத்தால் போதும், தனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்றாள். கடைசியில் சொன்னதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவரும் அதைக் கவனித்தார்.

"மன்றத்துல அஞ்சுன்னு சொல்லிக் கைதட்டியாச்சும்மா," என்றார் தணிகாசலம். "சரி, நம்மதான் பொய் சொல்றோம்னு வச்சுக்க. அணிக்காரங்களும் எங்க வீரர்கள் அஞ்சு பேரை இழந்துட்டோம்னு அறிக்கை விட்டிருக்காங்க, பார்த்தியா? பதினெட்டு வருஷத்துல ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் இதுதான்."

அது உண்மை. அணிக்கும் ஐந்து தேவைப்பட்டது. பாட்டெழுதி, படம் வரைந்து, ஏழாம் குழாய் ஐவர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். குழாய் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து தூங்கிய ஒரு ஆளுக்கு இரண்டு பக்கத்திலும் இடமில்லை. சேதுராக்கு தேநீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

மொழிப் பிரிவுக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை விளிம்புக்குப் போய்ப் புதிய சொற்களைச் சேகரித்து வருவதுண்டு. அந்த ஆண்டு அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளத்தாயி அவள் நினைத்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். முப்பதுக்குள்தான் இருக்கும். குரல் மட்டும் அதே குரல். நடுநகரிலிருந்து சொல் சேகரிக்க வந்திருப்பதாகச் சேதுராக்கு சொல்லிக்கொண்டாள். சமையலறையில் செவி இருக்கிறது என்பதால், இருவரும் குடியிருப்புக்குப் பின்னால் பெரிய குழாய் ஓடுகிற நடைக்கு வந்தார்கள். குழாய் இரைகிற இடத்தில் எந்தச் செவிக்கும் ஒன்றும் கேட்காது என்பது விளிம்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ளத்தாயி கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போயிருந்தாள்.

"செத்துட்டாகன்னா செத்துட்டாகன்னு ஒரு தாளு குடுத்தாப் போதும்மா. நான் பாட்டுக்கு அழுது முடிச்சிருவேன். எங்க, எங்கன்னு கேக்குறவனுக்குப் பதில் சொல்லி மாளல. சில நாளு எனக்கே தோணுது, எங்கயோ இருப்பாகளோன்னு."

சேதுராக்குக்கு நாக்கு தானாகவே பழைய பேச்சுக்குத் திரும்பியது. "அக்கா, அன்னைக்குப் பம்பு ரூமுல அஞ்சு பேரு இல்லக்கா. அவுக ஒருத்தர்தான் இருந்தாக."

"எனக்குத் தெரியும்," என்றாள் வெள்ளத்தாயி. பிறகு கேட்டாள், "பெறகு ஏன் அஞ்சுங்குறாக?"

நான்தான் என்று சொல்வதற்காகத்தான் சேதுராக்கு அவ்வளவு தூரம் வந்திருந்தாள். வண்டியில் வரும்போது அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"நீங்க ஒங்க அக்காட்ட பேசுனப்ப 'அவுக'ன்னு சொன்னீகள்ல. செவி அதைப் பல பேருன்னு எடுத்துக்கிருச்சு."

சொன்ன பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. வெள்ளத்தாயியின் முகத்தில் ஏதோ மெல்ல இறங்கிற்று.

"அப்ப நான்தான் சொன்னேனா?"

"இல்லக்கா."

"அவன்னு சொல்லியிருந்தா, இருந்திருப்பாகளா?"

பொறி எண்பத்தொன்று போட்டிருந்ததைச் சேதுராக்கு சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு தன் காதில் விழுந்ததைச் சொல்லவில்லை. எட்டு நொடி மீதமிருந்ததைச் சொல்லவில்லை. தன் தலையில் இருந்ததைத் தூக்கி இவள் தலையில் வைத்துவிட்டு, எதையாவது சொல்ல வேண்டுமே என்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வெள்ளத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ ஒருத்தியாவது வந்து உண்மையைச் சொன்னாயே என்று நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் 'அவுக' கேட்கவே இல்லை. வெள்ளத்தாயி, தன்னைப் பார்க்க வந்த அப்பனைப் பற்றித் தொலைபேசியில், அப்பன் வந்திருக்கான், சாப்பிடுறான், ஒருத்தன்தான் வந்திருக்கான் என்று சொன்னாள். அக்காள் அதிர்ந்துபோய்த் திட்டினாள். வெள்ளத்தாயி காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் அக்காள் யோசித்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அடுத்த மாதம் அவளும் அப்படியே பேசினாள். பிறகு பக்கத்து வீடு, பக்கத்துக் குடியிருப்பு என்று பரவிற்று. பெண்கள் புருஷனை அவன் இவன் என்றார்கள். மாமனாரை வாடா போடா என்றார்கள். வெளியே குழாய் நடைக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். நூறாண்டாகப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்த மரியாதை எட்டு மாதத்தில் காணாமல் போயிற்று. மொழிப் பிரிவில் வேலை குறைந்துவிட்டது என்று தணிகாசலம் மகிழ்ந்தார்.

மறு ஆண்டு எல்லைக்கு அப்பாலிருந்தவர்களுக்குத் தங்கள் சொந்தத் தொல்லை ஏதோ வந்துவிட, ஆயுதம் அனுப்புவதை நிறுத்தினார்கள். தெற்கேயும் அலுத்துப் போயிருந்தார்கள். பேச்சுவார்த்தை தொடங்கியது. எல்லாவற்றிலும் சண்டை. எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் ஒரு பக்கம் ஆயிரம் என்றது, மறுபக்கம் நாற்பது என்றது. கடைசியில் யாரோ ஒருவர், இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற எண்ணிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். அப்படித்தான் உடன்படிக்கையின் முதல் பிரிவில் ஏழாம் குழாய் ஐவர் வந்தார்கள். அவர்களுக்கு இரு தரப்பும் சேர்ந்து ஒரு நினைவுக்கல் எழுப்ப வேண்டும். கல்லில் பெயர் உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு மறைவுச் சான்று தரப்படும். சான்று உள்ள வீட்டில் தேடுதல் கிடையாது.

கல்லுக்குப் பெயர்கள் வேண்டுமே. பெயரெல்லாம் யாருக்கும் தெரியவில்லை. விளிம்புப் பெயர்களைப் பற்றி மொழிப் பிரிவுக்குத்தானே தெரியும் என்று வேலையைச் சேதுராக்கிடம் கொடுத்தார்கள். அவள் மகிழ்ந்தாள். கடவுளே ஒரு வழி காட்டியதாக நினைத்தாள். முதல் வரியில் இருளாண்டி என்று எழுதி, மற்ற நான்கை, பூமியிலிருந்து முதலில் வந்தவர்களின் நூறாண்டுக்கு முந்தைய கப்பல் பட்டியலில் இருந்து பொறுக்கிப் போட்டாள். நான்கு பொய்க்கு நடுவே ஒரு உண்மை போய்விடும் என்று நம்பினாள்.

பட்டியலைப் பார்த்துவிட்டு அணியின் சார்பில் வந்த செங்கதிர் என்ற ஆள், இந்த ஒரு பெயர் மட்டும் ஆகாது என்றார். "கூட்டமைப்புக்கிட்ட சம்பளம் வாங்குன ஆளை வீரர்னு எப்படிக் கல்லுல போடுறது? நாளைக்கு எங்களைப் பார்த்துச் சிரிப்பாக."

தணிகாசலமும் தலையை ஆட்டினார். "நம்ம ஊழியரை நாமளே கொன்னோம்னு கல்லுல வெட்டி வைக்கச் சொல்றியாம்மா?"

அவ்வளவு சுமுகமாக அந்தப் பேச்சுவார்த்தையில் வேறெந்த முடிவும் எடுக்கப்படவில்லை. சேதுராக்கு கப்பல் பட்டியலை மறுபடி எடுத்து ஐந்தாவது பெயரையும் பொறுக்கினாள். சாத்தையா, வழிவிட்டான், பூமிராசன், கட்டாரிமுத்து, நல்லாண்டி. அழகான பெயர்கள். ஒருவரும் அந்தப் பம்பு அறையில் சாகவில்லை. அங்கே செத்த ஒரே ஆளின் பெயர் கல்லில் இல்லை.

சான்று வழங்கும் மேசையில் அவளையே உட்கார வைத்தார்கள். வருகிறவர் உண்மையான உறவுதானா என்று விசாரித்துக் கையெழுத்திட வேண்டும். இல்லாத ஐந்து பேருக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஒரு பையில் படிக்கப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் காலையில் கதவைத் திறந்தபோது வரிசை குழாய் நடையின் முனை வரைக்கும் நின்றது.

மூன்று நாளில் முந்நூற்று நாற்பத்தாறு பேர் வந்தார்கள். பட்டியலில் இல்லாதவர்களின் மனைவிகள், தாய்மார், தகப்பன்மார். போனவன் வரவில்லை, செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, திங்கட்கிழமை தவறாமல் சிப்பாய் வருகிறான். ஒரு தாள் கிடைத்தால் போதும், எந்தப் பெயரில் கிடைத்தாலும் சரி. இரண்டாம் நாள் தெற்கேயிருந்து ஒரு அம்மாள் வந்தாள். படையில் இருந்த மகன் காணாமல் போய் ஆறு வருடம். ஓடிப்போனவன் என்று எழுதிவிட்டார்கள், உறவுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. கட்டாரிமுத்து என் பிள்ளைதான் என்று அவள் நடுநகர்ப் பேச்சில் சொன்னாள். சேதுராக்கு கையெழுத்துப் போட்டாள். ஒருவரையும் விசாரிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுச் சண்டையில் செத்தவர்களை ஒருவரும் எண்ணவில்லை. இல்லாத ஐவரின் பேரேட்டில்தான் அவர்கள் முதன்முதலாக வரிசையாக ஏறினார்கள். இவர்களில் எத்தனை பேரைத் தன் விரல் அனுப்பி வைத்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும்போது, இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

(இந்தப் பேரேட்டை வைத்துக் கணக்கெடுப்புத் துறை பிற்பாடு ஒரு அறிக்கை எழுதியது. ஐவருக்கும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மனைவியர் இருந்ததால், விளிம்பு ஆண்களிடையே பலதார மணம் பரவலாக இருந்தது என்று நடுநகர்ப் பள்ளிகளில் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.)

மூன்றாம் நாள் மதியம் வெள்ளத்தாயி வந்து நின்றாள். சேதுராக்கை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள்.

எந்தப் பெயருக்கு எழுதட்டும் என்று கேட்க சேதுராக்குக்கு வாய் வரவில்லை. ஐந்து பெயரும் இருந்த தாளை அவள் பக்கம் தள்ளினாள்.

"எதையாச்சும் போடு தாயி," என்றாள் வெள்ளத்தாயி. "பேரு எதுவா இருந்தா என்ன. நான் என்ன கூப்பிடவா போறேன்."

சேதுராக்கு வழிவிட்டான் என்று எழுதினாள். கணவர் என்ற இடத்தில் தானே உருவாக்கிய ஆளைப் போட்டு, நான் நேரில் அறிவேன், இது உண்மை என்று கீழே கையெழுத்திட்டாள். தான் கொன்ற ஆளின் மனைவிக்கு அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டாள். வெள்ளத்தாயி அதைக் கவனித்தாள்.

"ஒனக்கும் இந்தக் கல்லுல வேண்டியவுக இருக்காகளா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வரிசை நின்றுகொண்டிருந்தது, ஆனால் சொல்வதற்கு அதிக நேரம் ஆகியிருக்காது. சேதுராக்கு, பொய்யில்லாமல் என்ன சொல்ல முடியுமோ அதைச் சொன்னாள்.

"அஞ்சு பேரும் எனக்கு வேண்டியவுகதான்க்கா."

வெள்ளத்தாயி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சேதுராக்கின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அஞ்சு பேரையா குடுத்த? எனக்கு ஒருத்தருக்கே தாங்க முடியலையே தாயி," என்று சொல்லி அவளுக்காக அழுதாள். தன் புருஷனுக்காக அவள் வாய்விட்டு அழுததைச் சேதுராக்கு கேட்டதில்லை; இந்தப் பதினான்கு மாதமும் அந்தச் சமையலறையைக் கேட்டவள் அவள். இப்போது அழுதாள். சேதுராக்கு அவள் கையை விலக்கவில்லை. அந்த அணைப்பு சுகமாக இருந்தது, அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கூசுகிறது.

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரை இழந்தும் மூன்று நாளாக அடுத்தவர்களுக்குத் தாள் எழுதிக்கொடுத்த புண்ணியவதி என்று செய்தி முன்னிருந்து பின்னுக்குப் போனது. மாலைக்குள் அணிக்காரர்களுக்கும் நடுநகருக்கும் எட்டியது. விளிம்பில் பிறந்து நடுநகரில் வேலை பார்த்து, இரண்டுக்கும் பாலமாக இருக்கிற ஒரு ஆளை இரண்டு பக்கமும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறு ஆண்டு நினைவு நாளன்று கல்லுக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இழந்தவர் எண்ணிக்கைப்படி வரிசை. ஒருவரை இழந்தவர்களுக்கு எட்டாவது வரிசை. வெள்ளத்தாயி அங்கே உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையில் நடுவில், துணி விரித்து, ஒரே ஒரு நாற்காலி. செங்கதிர் ஒரு பக்கமும் தணிகாசலம் ஒரு பக்கமும் நின்று, சேதுராக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. சேதுராக்கு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.